வெட்டும் முன்: ரிகர்வ் வில்லுக்கு அம்பின் விறைப்பு பொருந்தாதபோது என்ன பார்ப்பது

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் தென்னை மட்டைகள் தானாக விழும். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையைத் திறந்து விட்டிருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று அதற்குள் புகுந்து, கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் ஓடும். அந்தக் காற்றில் நின்றுதான் என்னுடைய முதல் ஆறு கார்பன் அம்புகளைக் கெடுத்தேன்.

தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, இறகுள்ள அம்புகளோடு இறகு ஒட்டாத அம்பையும் வடக்குப் பார்த்து எய்துகொண்டிருந்தேன். இறகு ஒட்டாத அம்பு ஒவ்வொரு தடவையும் இறகுள்ள அம்புகளுக்கு வலப்பக்கம் போய்க் குத்தியது. வலக்கைக்காரனுக்கு அப்படிக் குத்தினால் தண்டு துவள்கிறது என்று பொருள். துவண்டால் வெட்டிக் குட்டையாக்க வேண்டும். அரை அங்குலம் வெட்டினேன். இன்னும் வலம்தான். மறுபடி அரை, மறுபடி அரை. புரட்டாசியில் காற்று அடங்கியதும் அதே அம்புகள் இடப்பக்கம் ஒரு சாண் விலகிப் போயின. அவை ஒரு நாளும் துவளவில்லை. மேற்கிலிருந்து வந்த காற்று இறகில்லாத அம்பைக் கிழக்கே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். வெட்டிய ஒன்றரை அங்குலத்தை எந்தப் பசையாலும் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த வழிமுறையின் வரிசை அந்த ஆறு அம்புகளிலிருந்து வந்தது. திரும்ப எடுக்கக்கூடிய மாற்றங்கள் முதலில், கட்டிங் வீல் கடைசியில். சொல்வதெல்லாம் ரிகர்வ் வில்லுக்கு, அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த, விரலால் நாண் இழுத்து விடும் வில்லுக்கு. வலம், இடம் என்று சொல்வதெல்லாம் வலக்கையால் நாண் இழுப்பவர்களுக்கு. இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிப் படிக்க வேண்டும்.

எண்ணைப் பார்த்தால் குழம்புகிறது

எதிர்வீட்டுத் தம்பி ஒருநாள் வந்து கேட்டான்: "ஏனுங்ண்ணா, என்ர வில்லு நாப்பது பவுண்டு. அறுநூறு வாங்கறதா, நாப்பத்தஞ்சு வாங்கறதா?" கேள்வி நியாயமானது. இரண்டும் விறைப்பைத்தான் சொல்கின்றன, ஆனால் எதிரெதிர்த் திசையில்.

கார்பன் தண்டில் அச்சடித்திருக்கும் 500, 600, 700 எல்லாம் தொய்வின் அளவு. தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் தொங்கவிடுகிறார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500. எண் கூடக் கூடத் தண்டு துவளும். மரத் தண்டில் கணக்கு வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, 26ஐ அந்தத் தொய்வால் வகுத்து வருவதைப் பவுண்டாகச் சொல்வார்கள். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டுத் தண்டு. இங்கே எண் கூடக் கூட விறைப்பு கூடும். அலுமினியத் தண்டில் 1816 என்று இருந்தால் அது விறைப்பு எண்ணே இல்லை. தண்டின் விட்டம் 18/64 அங்குலம், சுவரின் கனம் 0.016 அங்குலம் என்பதைச் சேர்த்து எழுதியது.

கணக்குப் போட்டு மர எண்ணைக் கார்பன் எண்ணாக மாற்றி வாங்க வேண்டாம். 500 கார்பன் தண்டை மரக் கணக்கில் வைத்தால் ஏறத்தாழ 63 பவுண்டு வரும். ஆனால் 45 பவுண்டு ரிகர்வில் அதே 500 தண்டை நீளமாக விட்டு நிறையப் பேர் அழகாக எய்கிறார்கள். தண்டின் எடையும் நீளமும் முனையின் கனமும் வேறு வேறு. அசையாமல் கிடக்கும்போது அளந்த விறைப்பு ஒன்று, நாண் தள்ளும்போது தண்டு காட்டும் விறைப்பு வேறொன்று. இனி சொல்லப்போவதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்.

வில்லில் 40 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அட்டவணை சொன்ன அம்பு பொருந்தவில்லை

வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் பாரம். நீங்கள் 28 இழுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் 26, 26½தான் இழுக்கிறோம். அங்குலத்துக்கு இரண்டிலிருந்து மூன்று பவுண்டு குறையும். 40 என்று எழுதிய வில் என் விரலில் முதலில் 36தான் வந்தது.

இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மீன்காரரும் பழைய இரும்புக்காரரும் வைத்திருக்கும் கொக்கி டிஜிட்டல் தராசு போதும். அம்பை நாணில் பூட்டி வழக்கம்போல ஆங்கர் வரை, அதாவது இழுக்கும் கை முகத்தில் வந்து நிற்கும் இடம் வரை, இழுங்கள். வில்லின் முன்முகம் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) தண்டைத் தொடும் இடத்தில் இன்னொருவர் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடட்டும். மெதுவாக இறக்கிவிட்டு, தராசுக் கொக்கியை நாணில் மாட்டி அதே கோடு வரை இழுத்துப் படியுங்கள். கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்டு: 18.1 கிலோ என்றால் 40. கொக்கி நழுவி வெறும் நாண் விடுபட்டால் வில்லின் வளையும் பகுதி உடையலாம். அதனால் இருவராகச் செய்யுங்கள், சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

விரலில் வரும் பாரம் தெரிந்தபின், 125 கிரெய்ன் (ஏறக்குறைய 8 கிராம்) முனையோடு தண்டை வெட்டாமல் நான் தொடங்கும் இடங்கள் இவை. 30 முதல் 35 பவுண்டு வரை 700 அல்லது 800. 40ஐ ஒட்டி 600. 45 முதல் 50 வரை 500. 55க்கு மேல் 400. மரமென்றால் விரல்பாரத்தை ஒட்டிய எண்ணிலிருந்து தொடங்கி, தண்டு 28ஐத் தாண்டும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 5 பவுண்டு கூட்டுங்கள்; குறைந்தால் கழியுங்கள். இதெல்லாம் தொடங்கும் புள்ளிதான். வில்லின் சன்னல் (பிடிக்கு மேலே அம்பு கடந்து போக வெட்டிய இடம்) நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருக்கிறதா, அதற்கும் உள்ளேயா, வெளியேயா என்பதைப் பொறுத்து முழுதாக ஒரு படி மாறும். உள்ளே வெட்டிய வில் விறைத்த அம்பு கேட்கும். நடுவுக்கு வெளியே நிற்கும் வில் துவண்ட அம்பு கேட்கும்.

காம்பவுண்டு வில்லுக்கான (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) அட்டவணையை மட்டும் கையில் எடுக்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் அதைப் பார்த்துத்தான் 40 பவுண்டு ரிகர்வுக்கு 400 தண்டு கொடுத்தார்கள். விரலால் விடும் வில்லும் ரிலீசர் கருவியால் விடும் வில்லும் ஒரே அட்டவணையில் அடங்காது.

அம்பின் வால் மேலும் கீழும் குதிக்கிறது

இது தண்டின் விறைப்பு அல்ல. ஆனால் இதைச் சரிசெய்யாமல் விறைப்பைப் பார்த்தால் எல்லா அளவும் பொய் சொல்லும். இறகில்லாத அம்பு, இறகுள்ளவற்றுக்கு மேலே குத்தினால் நாக் பாயின்ட், அதாவது நாணில் அம்பின் வாலைப் பூட்டும் இடம், தாழ்ந்திருக்கிறது. கீழே குத்தினால் உயர்ந்திருக்கிறது. ஷெல்ஃப் (பிடிக்கு மேலே வில்லில் உள்ள சிறு திட்டு) மேலேயே அம்பு வைத்து எய்பவர்கள் நாணுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அரை அங்குலம் மேலே தொடங்கலாம். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மேலே வேண்டியிருக்கும். நூலைச் சுற்றிக் கட்டுங்கள், பித்தளை வளையத்தை நெருக்க வேண்டாம். நூலைத் திருகி நகர்த்தலாம்.

நாக் பாயின்ட் மிகவும் தாழ்ந்தால் தண்டின் வால் ஷெல்ஃபில் அடித்துத் துள்ளி, உயர்ந்திருப்பது போன்ற தோற்றம் காட்டும். எந்தத் திசையில் போவதென்று குழம்பினால், வேண்டுமென்றே மிக உயரத்தில் கட்டிவிட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்கி வாருங்கள். மேலிருந்து கீழே வரும்போது பொய் குறைவு.

எந்த அம்பும் எந்த அம்போடும் சேரவில்லை

ஆறு அம்பு, ஆறு திசை. இங்கே தண்டைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, விடும் கை. நாணை விரல் பறித்து விட்டால், அதாவது கை முகத்தை விட்டு வெளியே விலகினால், அம்பு இடப்பக்கம் ஓடும். களைத்துப் போய் ஆங்கருக்கு முன்னாலேயே தளர்ந்து விட்டால் பாரம் குறைந்து, தண்டு விறைத்தது போல நடக்கும். இறகுள்ள அம்புகளை 15 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் சேர்க்க முடியும் வரை இறகில்லாத அம்பைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சிலருக்கு இது ஆறு மாதம் எடுக்கும். எடுக்கட்டும். அந்த ஆறு மாதமும் துவண்ட பக்கம் சாய்ந்த, நீளம் வெட்டாத மலிவான அம்புகளோடு ஒரு குறையும் இல்லாமல் பழகலாம்.

இரண்டு, அம்புகளே ஒன்றுக்கொன்று வேறாக இருப்பது. மரத்திலும் மூங்கிலிலும் இது சாதாரணம். விலை மலிந்த கார்பனிலும் உண்டு. வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பலகையில் 28 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி. ஒரு துணிப்பையில் மணலைப் போட்டு மளிகைக் கடைத் தராசில் 880 கிராம் நிறுத்து, கொக்கியோடு சேர்த்து அந்த எடை வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தண்டின் நடுவில் மாட்டுங்கள். பின்னால் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, மாட்டும் முன்னும் பின்னும் உயரத்தைப் படியுங்கள். 12.7 மில்லிமீட்டர் இறங்கினால் 500. 15.2 என்றால் 600. 17.8 என்றால் 700. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு பழைய டயல் கேஜ் கேட்டு வாங்கி மாட்டினால் இன்னும் துல்லியம் வரும். மரத் தண்டுக்கு ஆணிகளை 26 அங்குலத்துக்கு மாற்றி, 907 கிராம் தொங்கவிடுங்கள்: 16.5 மில்லிமீட்டர் இறங்கினால் 40 பவுண்டு, 14.7 என்றால் 45, 13.2 என்றால் 50.

தண்டை கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்கவும் மறக்காதீர்கள். ஒரே தண்டு இரண்டு பக்கமும் இரண்டு எண் காட்டும். மரத்தில் ஆண்டு வளையங்களின் விளிம்பு தெரியும் பக்கமே விறைத்தது. அந்தப் பக்கம் வில்லின் பக்கவாட்டில் படும்படி, அம்பின் வாலில் நாணைப் பூட்டும் 'நாக்' துண்டை ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டாத ஆறு மர அம்புகள் ஒரு கட்டாக இருக்கும், ஆனால் எய்யும்போது ஆறு தனி அம்புகளாகத்தான் நடக்கும்.

இறகில்லாத அம்பு வலப்பக்கம் குத்துகிறது

மேலே சொன்னவை தீர்ந்த பிறகுதான் இந்த இடத்துக்கு வர வேண்டும்.

ஏன் வலம் போகிறது என்று தெரிந்துகொண்டால் மருந்தும் தானாகத் தெரியும். விரல் விட்டதும் நாண் நேராக ஓடுவதில்லை. விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் இடப்பக்கம் நழுவித்தான் கிளம்பும். வால் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, முனைப் பக்கம் கனத்தால் தயங்குகிறது, நடுவில் தண்டு வளைகிறது. வளைந்த தண்டு மறுபுறம் வளைந்து வில்லின் பிடியைச் சுற்றி நழுவிப் போக வேண்டும். பிடியை நோக்கி வைத்த அம்பு, பிடியில் இடிக்காமல் இலக்குக்கு நேராகப் போகிறதே என்ற அந்த வியப்புக்கு வில்லாளியின் முரண் என்று 1913ல் பெயர் வைத்தவர் ராபர்ட் எல்மர். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் எடுத்த அதிவேகப் படங்களில் தண்டு பாம்பு போல நெளிந்து பிடியைக் கடப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தண்டு அளவுக்கு மீறி வளைந்தால் பிடியைத் தாண்டியும் வலப்பக்கம் சரிந்து போகும். வளைய மறுத்தால் பிடி அதை இடப்பக்கம் உதறித் தள்ளும்.

ஆக, வலம் என்றால் துவளல். முனையைக் குறையுங்கள்: 125 கிரெய்ன் இருந்தால் 100 மாட்டுங்கள். வெறும் ஒன்றரை கிராம்தான் வித்தியாசம், ஆனால் இறகில்லாத அம்பு ஒரு கையகலம் நகர்வதைப் பார்ப்பீர்கள். திருகி மாட்டும் முனைகள் இரண்டு மூன்று எடையில் ஒவ்வொன்று வாங்கி வைத்துக்கொள்வது ஒரு கட்டுத் தண்டு வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. அடுத்து, வில்லின் பக்கத் தகடு. ஷெல்ஃபுக்கு மேலே அம்பு உரசும் இடத்தில் ஒட்டியிருக்கும் தோலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய தோல் துண்டை வையுங்கள். அம்பு நடுக்கோட்டை விட்டு வெளியே நகர்வதால் தண்டு விறைத்தது போல நடக்கும். நாணில் சத்தம் குறைக்கும் குஞ்சங்கள் கட்டினாலும் நாணின் வேகம் கொஞ்சம் குறைந்து அதே பக்கம் உதவும்.

இவ்வளவும் செய்து இன்னும் வலம் நின்றால் வெட்டுங்கள். கால் அங்குலம்தான், அதற்கு மேல் ஒரு தடவைக்கு வேண்டாம். ஒரே ஒரு அம்பை வெட்டி எய்து பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். நான் ஆறையும் ஒன்றாக வெட்டியவன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். முழுதாக இழுத்த நிலையில் தண்டு வில்லின் முன்முகத்துக்கு வெளியே ஒரு அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும்; அதற்குக் குறைந்தால் கைக்கு ஆபத்து. கார்பனை ஹேக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, நார் நாராகப் பிளந்துவிடும். வெல்டிங் பட்டறைக் கட்டிங் வீலில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்டை ஈரத்துணியால் சுற்றி வெட்டுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

இறகில்லாத அம்பு இடப்பக்கம் குத்துகிறது

தண்டு விறைத்திருக்கிறது. புதிதாக வாங்கியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான், ஏனென்றால் எல்லோரும் வில்லில் எழுதிய பாரத்துக்கு வாங்குகிறார்கள், விரலில் வரும் பாரத்துக்கு அல்ல.

முனையைக் கூட்டுங்கள். 125லிருந்து 145, பிறகு 175. பாரமான முனை தண்டை அதிகம் வளைய வைக்கும். அதோடு அம்பின் மொத்த எடையும் கூடும், வில்லுக்கும் நல்லது. விரலில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பு 8 அல்லது 9 கிரெய்னுக்குக் குறையாமல் இருப்பதுதான் ரிகர்வுக்குப் பாதுகாப்பு. 40 பவுண்டுக்கு 320 முதல் 360 கிரெய்ன், அதாவது 21லிருந்து 23 கிராம் வரை.

பக்கத் தகட்டை மெல்லியதாக்கினாலும் தண்டு துவண்டது போல நடக்கும். தோலை எடுத்துவிட்டு மெல்லிய துணி ஒட்டிப் பாருங்கள். வில்லின் மரத்தை மட்டும் அரத்தால் தேய்க்காதீர்கள். டாக்ரான் (பாலியஸ்டர் நூல்) நாணை நீக்கிவிட்டு வேகமான நாண் மாட்டினால் ஏறக்குறைய ஒரு படி துவளல் கிடைக்கும். ஆனால் வில் செய்தவர் அந்த நாணுக்கு அனுமதி சொல்லியிருந்தால் மட்டும். பழைய வில்லின் நுனிகளை அந்த நாண் வெட்டிவிடும்.

இதெல்லாம் போதவில்லை என்றால், நீளத்தைக் கூட்ட வழியில்லை, ஒரு படி துவண்ட தண்டு வாங்கத்தான் வேண்டும். அந்தத் தண்டை வெட்டாமலே கொண்டுவரச் சொல்லுங்கள்.

மாற்றியதற்கு எதிர்த்திசையில் நகர்கிறது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முனையைக் கூட்டினால் இறகில்லாத அம்பு வலப்பக்கம் நகர வேண்டும், குறைத்தால் இடப்பக்கம். கூட்டினீர்கள், இடப்பக்கம் நகர்கிறது என்றால் அம்பு எங்கோ இடித்துக்கொண்டு போகிறது. மிகவும் விறைத்த தண்டு பிடியில் அறைந்து வலப்பக்கம் தெறிக்கும். பார்ப்பவர் துவளல் என்று நினைப்பார், வெட்டுவார், இன்னும் விறைக்கும், இன்னும் பலமாக அறையும். எந்த எல்லையிலும் நிற்காத சுழல் அது.

காதைக் கொடுத்தாலும் தெரியும். நல்ல அம்பு கிளம்பும்போது நாணின் சத்தம் மட்டும் இருக்கும். இடிக்கும் அம்பில் ஒரு 'டக்' சேர்ந்து கேட்கும். முகத்துக்குப் போடும் பவுடரை ஷெல்ஃபிலும் பக்கத் தகட்டிலும் தூவிவிட்டு ஒரு அம்பு எய்யுங்கள். தண்டின் பின்பாதியிலோ இறகின் ஓரத்திலோ பவுடர் ஒட்டியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. இறகுள்ள அம்பில் தனித்த நிற இறகு வில்லை விட்டு வெளிப்பக்கம் பார்க்கிறதா என்றும் பாருங்கள்.

இதனால்தான் எந்த முடிவுக்கும் ஒரு பக்க மாற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். முனையைக் கூட்டி எய்யுங்கள், குறைத்தும் எய்யுங்கள். இரண்டு பக்கமும் எதிர்பார்த்தபடி நகர்ந்தால் மட்டுமே நீங்கள் பார்ப்பது விறைப்பு.

இலக்கில் வால் சாய்ந்து நிற்கிறது, ஆனால் குத்திய இடம் சரி

சாய்வை நம்பாதீர்கள், குத்திய இடத்தை நம்புங்கள். எங்கள் ஊரில் இலக்குக்குத் தென்னை நார்க் கட்டுதான். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கட்டு ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் நெகிழ்ந்தும் இருக்கும், உள்ளே போகும் முனை நெகிழ்ந்த பக்கம் திரும்பிவிடும். மூன்று இறகுள்ள அம்பு, இரண்டு இறகில்லாத அம்பு, ஐந்தும் எய்து, இரண்டு கூட்டத்தின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் போதும். 8 மீட்டரில் தொடங்குங்கள். பொருந்தாத தண்டு தூரத்தில் குறுக்காகப் போய் விழுந்தால் உடைந்துவிடும். கார்பன் தண்டை ஒவ்வொரு தடவை பிடுங்கியதும் வளைத்து, முறுக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் அந்தத் தண்டை உடைத்துப் போட்டுவிடுங்கள். அது வில்லிலேயே பிளந்து கையில் ஏறும்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்கிறது

இது கணவாய்க்காரர்களுக்கு. ஆனி, ஆடி, ஆவணியில் காற்று மேற்கிலிருந்து. கார்த்திகை, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து. வடக்கு தெற்காக இலக்கு வைத்தால் இரண்டு பருவத்திலும் பக்கக்காற்று அடிக்கும், இறகில்லாத அம்பின் மூக்கைத் திருப்பிவிட்டு இழுத்துக்கொண்டு போகும். எனவே இறகில்லாத அம்புச் சோதனைக்கு மட்டும் இலக்கைக் கிழக்கு மேற்காக மாற்றிக்கொள்ளுங்கள். மாலையில் கிழக்குப் பார்த்து, காலையில் மேற்குப் பார்த்து எய்தால் வெயிலும் கண்ணில் விழாது. தோப்பில் தேங்காய் போடும் நாளா என்று கேட்டுக்கொண்டு போங்கள், இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். அதைவிடச் சிறந்தது புரட்டாசி, ஐப்பசியில் விடிந்ததும் எய்வது. அந்த நேரம் தென்னை ஓலைகூட அசையாது.

இடம் மாற்ற வழியில்லாதவர்கள் நெல் குடோன், கல்யாண மண்டபம் எதிலாவது நின்று 10 மீட்டரில் எய்து பார்க்கலாம். அதுவும் இல்லாவிட்டால் இறகுள்ள அம்பை இரண்டு மீட்டரில் தொங்கவிட்ட செய்தித்தாளின் வழியே எய்யுங்கள். இறகு கிழித்த இடம் முனை குத்திய துளைக்கு இடப்பக்கம் இருந்தால் துவளல், வலப்பக்கம் இருந்தால் விறைப்பு. அம்பு குத்தும் இடத்தோடு ஒப்பிட்டால் திசை தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். வலப்பக்கம் பாயும் அம்பின் வால் இடப்பக்கம் இருக்கும், அதனால்தான்.

என் அக்கா மகள் இடக்கைக்காரி. அவளுக்கு இரண்டு வாரம் வலக்கைக் கணக்கிலேயே படித்துச் சொல்லிவிட்டேன். முனையைக் கூட்டக் கூட விலகல் அதிகமானது. அவளே ஒரு மாலை, "மாமா, நான் வில்லை வலது கையிலதானே பிடிக்கிறேன்?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு வாரம் அந்தப் பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இடக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுத் திசையை எழுதி இலக்கருகே ஒட்டி வையுங்கள்.

சரியாகத்தான் இருந்தது, ஒரு மாதத்தில் மாறிவிட்டது

நாணைப் பாருங்கள். புது டாக்ரான் நாண் நீண்டு, பிரேஸ் ஹைட் இறங்கியிருக்கும். நாணுக்கும் பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. 62 அங்குல வில்லுக்குப் பெரும்பாலும் 7½க்கும் 8¼க்கும் இடையில் எங்கோ வில் அமைதியாக எய்யும். நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு ஏற்றினால் பழைய இடத்துக்கு வரும். பிறகு நாக் பாயின்ட்டை மறுபடி பாருங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். மூன்று மாதம் பழகியவரின் தோள் திறந்து இழுப்பு முக்கால் அங்குலம் கூடியிருக்கும். அதுவே இரண்டு பவுண்டு. தண்டு துவண்டது போலத் தெரியும். முதல் வருடத்தில் வெட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

மர அம்பென்றால் மழை. மேற்கு மழைக்காலத்தில் தண்டு ஈரம் இழுத்துக் கோணும். இறகு ஒட்டிப்போகும், அம்பு வால் ஆடும். தண்டுகளைப் படுக்க வைக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். கோணியதை அடுப்பனலில் லேசாகக் காட்டிக் கையால் அழுத்தி நேராக்கலாம். மூங்கிலில் கணு இருக்கும் இடத்தில் அழுத்தினால் உடையும், கணுவின் இரு பக்கமும் சூடு காட்டி மெதுவாக நேராக்குங்கள். வில்லை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. ஒட்டுப் பலகைகளின் பசை இளகிவிடும்.

எப்போது நிறுத்துவது

18 மீட்டரில் இறகில்லாத அம்பு, இறகுள்ள கூட்டத்துக்கு நான்கு விரல் வலப்பக்கம் நின்றால் நான் நிறுத்திவிடுகிறேன். அதை மையத்துக்கே கொண்டுவர முயல்வதில்லை. மூன்று இறகும் பசையும் சேர்ந்து வாலில் எடை கூடும். வாலில் எடை கூடினால் தண்டு கொஞ்சம் விறைக்கும். அந்த நான்கு விரலை இறகே எடுத்துக்கொள்ளும். சோதனை அம்பின் வாலில் இறகின் எடைக்குச் சமமாக இன்சுலேஷன் டேப் சுற்றி எய்பவர்கள் மையத்தைத் தேடலாம்.

பிறகு வில் உறையின் உட்பக்கம் எழுதி வைப்பேன். இப்போது அங்கே இருப்பது: விரலில் 38 பவுண்டு. கார்பன் 600, நீளம் 29½. முனை 145. பிரேஸ் ஹைட் 7¾. பக்கத் தகட்டில் ஒரு தோல். ஐப்பசி, காலை, காற்று இல்லை.